என் முறை எப்போது வரும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. பலரும் பல ஆண்டுகளாக நம்பி வாங்கும் ஒரு நிறுவனம், குடும்பத்தோடு ஆடுவதற்கென்று நான்கு புதிய போர்டு கேம்களை வெளியிட்டிருக்கிறது. வாங்கியவர்கள் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்கள். நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டுத்தான் கடிதங்களைப் போட்டிருக்கிறேன். இதே குறைகளை வேறு பெட்டிகளிலும் பார்த்திருப்பதால், பெயர் இல்லாமலே பதில்கள் பயன்படும் என்று நம்புகிறேன். நான்கில் இரண்டை நானும் வாங்கினேன். எனக்கும் மனம் ஆறவில்லை.

என்னைப் பற்றிப் புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பள்ளி நூலகத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். புத்தகங்களோடு ஓர் அலமாரி நிறைய ஆட்டப் பெட்டிகளும் என் பொறுப்பில் இருந்தன. சில பெட்டிகள் மூலை கிழிந்து வரும், டேப் ஒட்டி வைப்பேன், அடுத்த மாதம் மறுபடியும் கிழிந்து வரும். சில பெட்டிகள் வாங்கிய நாளில் இருந்தபடியே வருடக்கணக்கில் பளபளவென்று இருக்கும். பிள்ளைகள் எதை விரும்பினார்கள் என்பதை அந்த மூலைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அன்புள்ள அக்கா, எங்களுக்கு 12 வயதில் மகள், 7 வயதில் மகன். சின்ன வயதில் நான் இந்த நிறுவனத்தின் ஆட்டங்களை ஆடித்தான் வளர்ந்தேன். அந்த ஆசையில் புதிதாக வந்ததில் மூன்றை ஒரேயடியாக வாங்கிவிட்டேன். ஒன்றில் நடுவே பேசும் கோபுரம், விளக்கு, அழகான காய்கள் எல்லாம் இருக்கின்றன. முதல் நாள் ஒரு மணி நேரம் ஆடினோம். மறுநாள் கூப்பிட்டால் ஒருவரும் வரவில்லை. “இதுல நான் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா, பகடைதான் ஆடுது” என்கிறாள் மகள். செல்போன் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டதா? இல்லை, எனக்குத்தான் ஆடவைக்கத் தெரியவில்லையா? – பெயர் வேண்டாம் என்ற வாசகி

உங்கள் மகள் சொன்னதை என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அவள் பொறுமையில் குறை ஒன்றும் இல்லை. ஆட்டத்தை அவள் சரியாகப் படித்திருக்கிறாள்.

அந்தக் கோபுர ஆட்டம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. சனிக்கிழமை மாலையில் அண்ணன், அண்ணி, அண்ணன் மகள், நான் என்று நான்கு பேர் உட்காருவோம். முதல் முறை ஆடி முடித்தபோது எங்கேயோ ஏமாந்த மாதிரி இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. அடுத்த வாரம் பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டேன். நானாக ஒரு முடிவெடுக்க வேண்டி வந்தால் ஒரு கோடு, அவ்வளவுதான். ஆட்டம் 48 நிமிடம் ஓடியது. என் தாளில் நான்கு கோடுகள் இருந்தன. அதிலும் இரண்டு, காயை இடப்பக்கம் நகர்த்துவதா வலப்பக்கம் நகர்த்துவதா என்பது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கட்டம்தான். மீதி நேரம் முழுக்கப் பகடை சொன்ன இடத்துக்குப் போனேன், சீட்டு சொன்னதைச் செய்தேன், கோபுரம் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். நான் எழுந்து போய், என் இடத்தில் ஒரு பொம்மையை உட்காரவைத்து, அதற்காக அண்ணி பகடை உருட்டியிருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது.

எல்லா அதிர்ஷ்ட ஆட்டமும் மோசம் என்று சொல்லவில்லை. 1949-இல் வந்த கேண்டி லேண்ட் என்ற ஆட்டத்தில் முடிவெடுக்க ஒன்றுமே கிடையாது. சீட்டை எடு, அந்த நிறக் கட்டத்துக்குப் போ, அவ்வளவுதான். ஆனால் அதை உருவாக்கிய எலினார் அபோட் ஓர் ஆசிரியை. போலியோவிலிருந்து தேறிக்கொண்டிருந்தபோது, அதே நோயோடு வார்டில் கிடந்த குழந்தைகளுக்காகச் செய்தார். எழுத்து தெரியாத குழந்தைகூட நிறத்தைப் பார்த்துப் பெரியவர்களோடு சமமாக ஆடலாம். யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்த ஆட்டம் அது. உங்கள் பெட்டியின் மேல் ‘8 வயது முதல் பெரியவர்கள்வரை’ என்று போட்டிருக்கிறது. உள்ளே இருப்பதோ நான்கு வயதுக் குழந்தைக்கான வேலை. என் கோபமெல்லாம் அந்த இடைவெளியின் மேல்தான்.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1995-இல் ஜெர்மனியில் வந்த கேட்டன் ஆட்டத்திலும் பகடை உண்டு, அதிர்ஷ்டமும் நிறைய உண்டு. ஆனால் யார் உருட்டினாலும், விழுந்த எண்ணுக்குப் பக்கத்தில் வீடு கட்டியிருக்கிற எல்லோருக்கும் பொருள் கிடைக்கும். அதனால் அடுத்தவர் முறையிலும் கண் பலகையில்தான் இருக்கும். உருட்டியவர் “எனக்குச் செங்கல் வேணும், யாரிடம் இருக்கு?” என்று கேட்பார், நாம் பேரம் பேசலாம். இரண்டு பகடைகளை உருட்டினால் 36 விதமாக விழலாம். அதில் 6-ம் 8-ம் வருவது ஐந்தைந்து விதம், 2-ம் 12-ம் ஒவ்வொரு விதம்தான். எந்த எண் பக்கத்தில் வீடு கட்டுவது என்று முதலிலேயே யோசிக்க வேண்டும். அதை உருவாக்கிய கிளாஸ் டாய்பர் செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்தவர். ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே ஆட்டங்களைச் செய்து, தன் மனைவி மக்களை உட்காரவைத்து ஆடிப் பார்த்துத் திருத்துவார். வீட்டில் ஆடிப் பார்த்த ஆட்டத்துக்கும், கோபுரத்தில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதில் காலத்தைச் செலவழித்த ஆட்டத்துக்கும் வித்தியாசம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

சரி, வாங்கியது வாங்கியாயிற்று. மூன்றாவது பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை என்றால் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள். கோபுர ஆட்டத்துக்கு நாங்கள் செய்த வைத்தியத்தைச் சொல்கிறேன். சீட்டு எடுக்கும்போது ஒன்றுக்குப் பதில் இரண்டு எடுத்து, ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை இடப்பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். பகடையும் இரண்டு, எதை நகர்த்தப் பயன்படுத்துவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். கோபுரம் அடுத்தது யார் முறை என்பதைத்தான் பாதி நேரம் சொல்லிக்கொண்டிருந்தது, அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டோம். அன்றைக்கு என் தாளில் 31 கோடுகள் விழுந்தன. அதனால் அது சிறந்த ஆட்டமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணன் மகள் “அத்தை, இன்னொரு தடவை” என்று கேட்டாள். அதுவரை அந்தப் பெட்டியைப் பார்த்து அவள் அப்படிக் கேட்டதில்லை.

இனிமேல் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். பல நிறுவனங்கள் விதிப்புத்தகத்தைத் தங்கள் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. அதில் ‘உங்கள் முறையில்’ என்று தொடங்கும் பக்கத்தைத் தேடுங்கள். ‘பகடையை உருட்டவும், நகர்த்தவும், கட்டத்தில் உள்ளதைச் செய்யவும்’ என்று முடிந்துவிட்டால் விட்டுவிடுங்கள். ‘இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். டிக்கெட் டு ரைட் ஆட்டத்தில் அந்தப் பக்கம் மிகச் சின்னது: ரயில் சீட்டு எடுக்கலாம், அல்லது ஒரு பாதையைப் பிடிக்கலாம், அல்லது புதிய பயணச்சீட்டு எடுக்கலாம். மூன்றே வழிதான். ஆனால் நான் சீட்டு சேர்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் என் பாதையைப் பிடித்துவிடலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் மனம் துடிக்கும். உங்கள் 12 வயது மகளுக்கு அதுதான் பிடிக்கும் என்று தோன்றுகிறது. மகன் முதல் ஒன்றிரண்டு முறை உங்களோடு ஜோடியாக ஆடட்டும்.

அக்கா, அதே நிறுவனத்தின் இன்னோர் ஆட்டத்தில் ஆறு விழுந்தால்தான் காயை வெளியே எடுக்க முடியும். என் 6 வயது மகனுக்குப் பத்து முறை உருட்டியும் விழவில்லை. அழுதுவிட்டான். “ஆறு விழாதது யார் தப்பும் இல்லடா” என்று சமாதானம் சொன்னேன், கேட்கவில்லை. இப்படி எத்தனை தடவைக்கு ஒரு தடவை நடக்கும்? – ஒரு தந்தை

கணக்குப் போட்டால் உங்களுக்கும் வருத்தமாகத்தான் இருக்கும், தம்பி. ஒரு முறை உருட்டி ஆறு விழாமல் போக ஆறில் ஐந்து வாய்ப்பு. பத்து முறை தொடர்ந்து விழாமல் போக, அந்த ஆறில் ஐந்தைப் பத்து தடவை பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 16 சதவீதம் வரும். ஒரு ஆளுக்கு அது குறைவாகத் தெரியலாம். ஆனால் மேசையைச் சுற்றி நான்கு பேர். நான்கு பேரில் யாராவது ஒருவராவது பத்துச் சுற்று அசையாமல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. அதாவது இரண்டு ஆட்டத்துக்கு ஒரு ஆட்டத்தில் யாரோ ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார். உங்கள் மகனுக்கு நடந்தது அபூர்வமான துரதிர்ஷ்டம் இல்லை. அந்த விதியிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

பழைய ஆட்டங்களிலும் இந்த விதி உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் பழைய ஆட்டங்களில் காத்திருப்பது பிடிக்காமல் வீட்டுக்கு வீடு ஏதோ ஒரு சலுகை விதி வைத்திருந்தார்கள். புதிதாக ஒரு ஆட்டம் செய்கிறவர் அதைக் கவனித்திருக்க வேண்டாமா? பெட்டியில் ஆறு வயதுப் பிள்ளையின் படம் போடுகிறவர், ஆறு வயதுப் பிள்ளை பத்துச் சுற்று காத்திருக்குமா என்று ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

சரிசெய்வது சுலபம். முதல் சுற்றில் 6 விழுந்தால் காய் வெளியே வரலாம். இரண்டாம் சுற்றில் 5 அல்லது 6. மூன்றாம் சுற்றில் 4, 5, 6. இப்படி இறங்கிக்கொண்டே போனால் ஆறாம் சுற்றில் எது விழுந்தாலும் வெளியே வந்தாக வேண்டும். மூன்று சுற்று முடியும்போதே சராசரியாக நான்கில் ஏறக்குறைய மூன்று பேர் வெளியே வந்துவிடுவார்கள். ஆறு விழுவதற்கான ஆவலும் கெடாது. ஒவ்வொரு சுற்றும் “இப்போ எனக்கு எதெல்லாம் போதும்?” என்று உங்கள் மகனே எண்ணிச் சொல்லட்டும், கணக்கும் கூடவே வரும்.

அப்புறம், அவன் அழுததற்காக அவனைத் திட்டாதது நல்லது. என்ன செய்தாலும் மாறாத ஒன்றைப் பத்து முறை செய்யச் சொன்னால் பெரியவர்களுக்கே கண் கலங்கும்.

எனக்கு 71 வயது. பேரப்பிள்ளைகள் அந்தப் புதிய ஆட்டத்தை விரித்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சீட்டில் எழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கிறது. பச்சைக் காயும் பழுப்புக் காயும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. போன வாரம் பேத்தியின் காயை என்னுடையது என்று நினைத்து நகர்த்திவிட்டேன். அதிலிருந்து தூக்கம் வருகிறது என்று சொல்லி எழுந்து போய்விடுகிறேன். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, விட்டுவிடலாமா? – ஒரு தாத்தா

விட்டுவிடாதீர்கள், ஐயா. உங்கள் கடிதத்தை அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முதலில் நிறத்தைப் பற்றி. பச்சையையும் பழுப்பையும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுகிறவர்கள் எல்லா வயதிலும் இருக்கிறார்கள், ஆண்களில் அதிகம். பிறவியிலேயே பலருக்கு உண்டு. ஆட்டம் வடிவமைக்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். டிக்கெட் டு ரைட்டின் ரயில் சீட்டுகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அடையாளம் ஒன்று அச்சிட்டிருக்கும். நிறம் தெரியாவிட்டாலும் அடையாளத்தைப் பார்த்து ஆடலாம். உங்கள் வீட்டில் இருக்கும் அதே ஆட்டத்தின் பெட்டி ஒன்றை நானும் எடுத்துப் பார்த்தேன். நான்கு காய்களும் ஒரே அச்சில் வார்த்தவை, நிறம் ஒன்றுதான் வித்தியாசம். காய்களை நான்கு வடிவத்தில் வார்த்திருந்தால் நீங்கள் அன்றைக்கு எழுந்து போயிருக்க மாட்டீர்கள். குறை உங்கள் கண்ணில் இல்லை, ஐயா. நான்கு வடிவம் வேண்டும் என்று யாரும் நினைக்காததில் இருக்கிறது.

அந்த நிறுவனம் செய்யாததை வீட்டில் செய்துகொள்ளலாம். உங்கள் காயை எடுத்துவிட்டு, ஒரு பெரிய சட்டைப் பொத்தானையோ பழைய சதுரங்கப் பெட்டியிலிருந்து ஒரு குதிரையையோ வைத்துக்கொள்ளுங்கள். குதிரை யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பலகையின் கட்டங்களுக்கு, பச்சையில் மட்டும் பேனாவால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மேலே எரியும் விளக்கு மஞ்சளாக இருந்தால் வெள்ளை விளக்காக மாற்றிப் பாருங்கள், சில நிறங்கள் தெளிவாகப் பிரியும். சீட்டுகளில் ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வருகிறது; நான் எண்ணிப் பார்த்ததில் 60 சீட்டுகளில் மொத்தமே 14 வகை. அவற்றுக்கு எண் போட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னால் உங்கள் பேத்தி அரை மணி நேரத்தில் எழுதிவிடுவாள்.

இதற்கெல்லாம் நீங்கள் பேத்தியிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். தயவுசெய்து சொல்லுங்கள். தாத்தா தூக்கம் வருகிறது என்று எழுந்து போகும்போது, நம்மோடு ஆட அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

பெட்டியில் ‘14+’ என்று இருக்கிறது. என் மகளுக்கு 10 வயது. கொடுக்கலாமா? – ஒரு தாய்

பெரும்பாலும் கொடுக்கலாம். வயது எண் எப்போதும் ஆட்டத்தின் கடினத்தைச் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வயதுக்குக் குறைந்தவர்கள் விளையாடுவதற்கென்று செய்யும் பொருள் விளையாட்டுச் சாமான் என்ற விதிகளுக்குள் வரும். அமெரிக்காவில் 12 வயதுவரை உள்ளவர்களுக்கான பொருளுக்குத் தனிப் பரிசோதனை வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கவே சில நிறுவனங்கள் 14+ என்று போட்டுவிடுகின்றன. விதிப்புத்தகத்தில் இரண்டு பக்கத்தை மகளிடம் படிக்கக் கொடுங்கள். படித்துவிட்டு உங்களுக்குச் சொல்லித்தர முடிந்தால் ஆடலாம். ஆனால் வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால், சின்னக் காய்களைப் பற்றிய எச்சரிக்கையை மட்டும் அப்படியே நம்புங்கள். அது தொண்டையில் சிக்கும் ஆபத்தைப் பற்றியது.

சொத்து வாங்கி வாடகை வசூலிக்கும் மாதிரி ஒரு புதிய ஆட்டம். ‘60 நிமிடம்’ என்று போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. என் தம்பி 35-ஆவது நிமிடமே எல்லாவற்றையும் இழந்து வெளியேறி, மீதி நேரம் வேடிக்கை பார்த்தான். அபராதப் பணத்தையெல்லாம் நடுவில் சேர்த்து, ஓய்வுக் கட்டத்துக்கு வருகிறவர் எடுத்துக்கொள்ளலாம் என்று நாங்களே ஒரு விதி சேர்த்தும் பார்த்தோம். – ஒரு கல்லூரி மாணவி

அந்தச் சேர்த்த விதியை முதலில் எடுங்கள், தங்கச்சி. இந்த வகைக்கு மூத்த ஆட்டம் மோனோபோலி. அதிலும் பல வீடுகளில் இப்படித்தான் ஆடுகிறார்கள், ஆனால் அதன் விதிப்புத்தகப்படி ஓய்வுக் கட்டத்தில் காசு எதுவும் கிடையாது. வெளியே போக வேண்டிய பணம் மறுபடி ஆட்டத்துக்குள் வந்தால், தோற்க வேண்டியவர் தோற்காமல் இழுத்துக்கொண்டே போவார். இன்னொன்று: மோனோபோலியில் வந்த இடத்தை நாம் வாங்காவிட்டால் வங்கி உடனே அதை ஏலம் விட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. ஏலம் இருந்தால் இடங்கள் சீக்கிரம் கைமாறும், எல்லோரும் ஒரே நேரத்தில் யோசிப்பார்கள். உங்கள் பெட்டியின் விதிகளில் ஏலம் இல்லை என்பதைப் பார்த்தேன், நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

தம்பி வெளியேறியது வேறு பிரச்சினை. மோனோபோலிக்கு முன்னோடியான ஆட்டத்துக்கு லிசி மேகி என்ற பெண்மணி 1904-இல் காப்புரிமை பெற்றார். நிலம் ஒருவர் கையில் சேர்ந்தால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டி ஆகிறார்கள் என்று காட்டத்தான் அவர் அதைச் செய்தார். ஒருவர் கொழிக்க மற்றவர்கள் வெளியேறுவது அந்த ஆட்டத்தின் கருத்து. கருத்து எதுவும் இல்லாமல், குடும்ப ஆட்டம் என்ற பெயரில் வருகிற புதிய பெட்டிக்கு அது ஏன் வேண்டும்? முதல் ஆள் எல்லாவற்றையும் இழந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, மற்றவர்களின் பணத்தையும் சொத்தையும் எண்ணி வெற்றியைச் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் முடியும். தம்பி எழுந்து போவதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கிவிடலாம்.

எல்லோரும் ஒரே அணியாக ஆடும் ஆட்டம் ஒன்று வாங்கினோம். சண்டையே வராது என்று நினைத்தோம். ஆனால் என் கணவரே எல்லோருக்கும் முடிவெடுக்கிறார். நாங்கள் அவர் சொன்ன காயை நகர்த்துகிறோம். – ஒரு இல்லத்தரசி

2008-இல் வந்த பாண்டமிக் உட்பட இந்த வகை ஆட்டங்கள் பலவற்றிலும் வரும் தொல்லை இது. எல்லோரும் எல்லாச் சீட்டையும் பார்க்க முடிந்தால், ஆர்வம் அதிகம் உள்ளவர் மற்றவர்களுக்காகவும் யோசிக்கத் தொடங்கிவிடுவார். அவர் கெட்டவர் இல்லை, ஆட்டம் அவரைத் தடுக்கவில்லை. ஹனாபி என்ற சீட்டாட்டம் இதற்கு அழகான வழி கண்டது. நம் சீட்டுகளை மற்றவர்களுக்குத் தெரியும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும். நம் கையில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாது. மற்றவர்கள் தரும் குறிப்பு மட்டும்தான் துணை, குறிப்புகளுக்கும் எண்ணிக்கை உண்டு. அங்கே ஒருவரே எல்லாவற்றையும் நடத்த முடியாது.

உங்கள் ஆட்டத்தில், சீட்டுகளைக் கையில் மறைத்து வைத்துக்கொள்ளுங்கள். யார் முறையோ அவர் கேட்டால் ஒழிய மற்றவர்கள் யோசனை சொல்லக் கூடாது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். கடிதத்தை அவரிடமும் காட்டுங்கள்.

நிறுவனத்துக்கு எழுதினால் ஏதாவது பலன் உண்டா? – நான்கு வாசகர்கள் ஏறக்குறைய இதே வரியில்

காய் குறைந்திருந்தாலோ பலகை வளைந்திருந்தாலோ கட்டாயம் எழுதுங்கள். மாற்றுப் பொருள் அனுப்பும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. ஆட்டமே பிடிக்கவில்லை என்றால் ‘மோசம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை பேர் ஆடினீர்கள், என்ன வயது, எத்தனை நிமிடம் ஓடியது, யார் எந்த நேரத்தில் சலித்து எழுந்தார், எந்த விதியை இரண்டு விதமாகப் புரிந்துகொண்டீர்கள் என்று எழுதுங்கள். நான் என் நான்கு கோடுகளைத் தேதியோடு எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. வந்தால் இங்கே போடுகிறேன்.

இன்னொரு விஷயமும் பலர் கேட்டிருந்தீர்கள்: வேறு எதை நம்பி வாங்குவது? ஜெர்மன் மொழி விமர்சகர்கள் 1979 முதல் ஆண்டுக்கு ஒரு ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ என்ற விருதைத் தருகிறார்கள். கேட்டன் 1995-இல், டிக்கெட் டு ரைட் 2004-இல், ஹனாபி 2013-இல் அதைப் பெற்றவை. விருது பெற்ற எல்லாம் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. ஆனால் அங்கே ஆடிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள், பெட்டிப் படத்தைப் பார்த்து இல்லை.

ஆன்ட்டி, எனக்கு 11 வயசு. அந்தக் கோபுர கேம் போரடிச்சதால பலகையை 16 துண்டா வெட்டி நானே ஒரு கேம் செய்தேன். ஒவ்வொருத்தரும் ஒரு துண்டு வெச்சு பாதை போடணும், யார் பாதை நீளமோ அவங்க ஜெயிச்சாங்க. அம்மா முதல்ல திட்டினாங்க, அப்புறம் ஆடினாங்க. ஆனா எப்பவும் முதல்ல ஆடறவங்களே ஜெயிக்கறாங்க. எப்படிச் சரி பண்றது?

கண்ணா, இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உன்னுடையது. ‘எப்பவும்’ என்று சொல்லியிருக்கிறாய், முதலில் அதை எண்ணிப் பார். 20 ஆட்டம் ஆடி, யார் ஜெயித்தார்கள் என்று எழுது. நான்கு பேர் ஆடினால் முதலில் தொடங்குகிறவர் ஏறக்குறைய 5 முறை ஜெயிக்க வேண்டும். 6 அல்லது 7 என்றால் கவலை இல்லை. 12 என்றால் விதியை மாற்ற வேண்டும்.

மாற்றுவதற்கு மூன்று வழி தோன்றுகிறது. கடைசியாகத் தொடங்குகிறவருக்கு ஒரு துண்டு கூடுதலாகக் கொடுக்கலாம். அல்லது, ஒருவர் முடித்தாலும் அந்தச் சுற்றில் எல்லோருக்கும் முறை வந்த பிறகுதான் ஆட்டம் முடியும் என்று வைக்கலாம். மூன்றாவது வழி கிங்டோமினோ என்ற ஆட்டத்தில் இருக்கிறது: துண்டுகளை வரிசையாக விரித்து வைப்பார்கள், நல்ல துண்டை எடுக்கிறவர் அடுத்த சுற்றில் பின்னால் போக வேண்டும், சாதாரணத் துண்டை எடுக்கிறவர் முன்னால் வருவார். உன் 16 துண்டுகளில் எது நல்லது, எது சாதாரணம் என்று எண் போட்டுவிட்டால் இதை நீயும் செய்யலாம். எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கிறது, ஆனால் ஒரே நேரத்தில் மூன்றையும் சேர்க்காதே. ஒன்றைச் சேர், மறுபடி 20 ஆட்டம் எண்ணு.

விதிகளை எழுதி, 16 துண்டுகளின் படத்தையும் வரைந்து அனுப்பு. ஆட்டத்துக்கு என்ன பெயர் என்றும் எழுது, கடிதத்தில் அதை விட்டுவிட்டாய். சனிக்கிழமை நாங்கள் நான்கு பேரும் அட்டையில் வெட்டி ஆடிப் பார்த்து, எங்கள் எண்ணிக்கையை உனக்கு அனுப்புகிறோம்.